மருந்து படாத குழை

எங்கள் வீட்டில் முயல் வளர்ப்பது இறைச்சிக்காக. இதை முதலே சொல்லிவிடுகிறேன். கூட்டைப் பார்க்க வரும் அயல் பிள்ளைகள் ஒவ்வொரு குட்டிக்கும் பெயர் வைக்கிறார்கள். பெரியவர்கள், "இவ்வளவு வடிவான சீவனை எப்படி..." என்று தொடங்கிப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். ஆட்டுக்குட்டியும் வடிவுதான். என் மகன் சாப்பிடும் இறைச்சி எப்படி வளர்ந்தது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதற்காகத்தான் இந்த வேலையில் இறங்கினேன். அவன் தின்னும் முயல் எதைத் தின்றது என்பதும் அதே கேள்விக்குள் கிடக்கிறது என்பது விளங்கத்தான் கொஞ்சக் காலம் எடுத்தது.

2022 நடுப்பகுதி, இலங்கையில் பொருளாதார நெருக்கடிக் காலம். பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை. கோழித்தீன் விலை ஏறிக்கொண்டே போனது. எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு வீட்டில் கோழிக்கூடு வெறுமையானது. அந்த நேரத்தில்தான் மானிப்பாய்ப் பக்கம் இருக்கும் உறவுக்காரர் ஒருவர் இரண்டு பெண் முயலும் ஒரு ஆண் முயலும் தந்தார். நியூசிலாந்து வெள்ளைக் கலப்பு. "புல்லைப் போடு, அது தன்ரை பாட்டுக்கு வளரும்" என்றார். அந்தச் சொல்லை அப்படியே கேட்டிருந்தால் முதல் ஈற்றுக் குட்டிகள் பிழைத்திருக்கும்.

முயலுக்குச் சினைக்காலம் 31 நாள் அளவில்தான். முதல் ஈற்றில் 7 குட்டிகள். ஐந்தாவது கிழமை தாயிடமிருந்து பிரித்தோம். பிரித்த குட்டிக்குச் சத்தான தீன் வேண்டும் என்று கடைக்குப் போனேன்.

"முயல் தீன் எண்டு ஒண்டும் வாறேல்லை அக்கா. எல்லாரும் புரொயிலர் மாஸ்தான் கொண்டுபோறவை. கெதியா நிறை வைக்கும்."

புரொயிலர் மாஸ் என்றால் இறைச்சிக்கோழிக்குப் போடும் மாத்தீன். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. குட்டிகள் ஆசையாகத் தின்றன, ஒரு கிழமையில் உருண்டு திரண்டன. ஒன்பதாம் நாள் காலையில் இரண்டு குட்டிகள் மூலையில் குந்தியபடி பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தன. முயல் அப்படிக் கடித்தால் அதற்கு வலி என்று அப்போது எனக்குத் தெரியாது. வயிறு பறை போல விம்மியிருந்தது. பின்கால் முழுக்கத் தண்ணீராய்க் கழிச்சல். இரவுக்குள் மூன்று போனது, மறுநாள் இரண்டு. மகனுக்கு அப்போது 8 வயது. பூவரசுக்குக் கீழே கிடங்கு வெட்டியது அவன்தான்.

மிருக வைத்தியர் கேட்ட முதற் கேள்வி, "என்ன தீன் போட்டனீங்கள்?" என்பதுதான். மாஸ் என்றேன். அவர் பேனையை மேசையில் வைத்துவிட்டு, கால்மணி நேரம் முயலின் வயிற்றைப் பற்றிச் சொன்னார்.

முயல் மாட்டைப் போல அசை போடாது. ஆனால் சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் அதற்குப் பெரிய குருட்டுக்குடல் ஒன்று உண்டு. உணவுப்பாதையில் நூற்றுக்கு 40 பங்கு கொள்ளளவு அதற்கே போய்விடுகிறது. புல்லைப் புளிக்கவைத்துச் சத்தாக்கும் நுண்ணுயிர்கள் இருப்பது அங்கேதான். அந்தச் சத்து மெதுமெதுவென்ற கொத்துப் புழுக்கையாக வெளியே வரும்போது, முயல் அதை நேராக வாயால் எடுத்து மறுபடி விழுங்கும். பெரும்பாலும் நாங்கள் படுத்த பிறகு நடப்பதால் இதைக் காண்பதில்லை. இத்தனையையும் ஓடவைப்பது நார். மாப்பொருள் கூடின தீன் முழுதாகச் செரிக்காமல் குருட்டுக்குடலுக்குள் போனால், இருக்க வேண்டிய கிருமிகள் அடங்கி நஞ்சு சுரக்கும் கிருமிகள் பெருகும். தாய்ப்பால் விட்ட குட்டிக்கு அது இரண்டு நாள் கதை. முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. வளரும் முயலின் தீனில் நூற்றுக்கு 14 முதல் 18 பங்கு நார் இருக்க வேண்டும். புரொயிலர் தீனில் 5 பங்கு அளவில்தான் இருக்கும்.

இரண்டாவதாக அவர் சொன்னதுதான் என்னை உலுப்பியது. கோழிக்கு இரத்தக் கழிச்சல் வராமலிருக்க, கொக்சிடியா என்ற ஒட்டுண்ணிக்கு எதிரான மருந்தைத் தீனிலேயே கலந்து விற்பது வழக்கம். அந்த மருந்துகளில் நராசின், மதுராமைசின் போன்றவை முயலுக்கு நஞ்சு. வீட்டுக்கு வந்து மூட்டையின் வாயில் தைத்திருந்த துண்டைத் தேடி எடுத்தேன். புரதம் இவ்வளவு, நார் இவ்வளவு. கீழே, சிறிய எழுத்தில், கொக்சிடியா எதிர்ப்பு மருந்து சேர்க்கப்பட்டது என்று ஒரு வரி. எந்த மருந்து, எத்தனை கிராம் என்று ஒன்றுமில்லை.

சரி, முயலுக்கென்றே செய்த வில்லைத்தீன் எடுக்கலாம் என்று யாழ்ப்பாணம் நகரத்திலும் சுன்னாகத்திலும் கடை கடையாகக் கேட்டேன். கடைசியில் கொழும்பிலிருந்து ஒரு மூட்டை லொறியில் வந்தது. என்னென்ன சேர்த்திருக்கிறீர்கள் என்று தொலைபேசியில் கேட்டதற்கு, "எல்லாம் நல்ல சாமான்தான்" என்றார்கள். முயல் தீனுக்கும் கொக்சிடியா மருந்து போடுவதுண்டு. அது முயலுக்குப் பொருந்தும் மருந்தாக இருக்கும், அறுப்பதற்குச் சில நாள் முன்பே மருந்துத்தீனை நிறுத்தவும் வேண்டும். அதில் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆயிரம் முயலை ஒரே கொட்டிலில் வளர்ப்பவருக்கு அது தேவைதான். நான் வளர்ப்பது மூன்று முயலும் அவற்றின் குட்டிகளும். என்ன போட்டிருக்கிறது என்று சொல்லாத ஒரு மூட்டையை எதற்காக நம்ப வேண்டும்?

இந்த அலைச்சலையெல்லாம் திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த மாமி ஒருநாள் சொன்னார்: "பிள்ளை, உன்ரை மாமா பன்ரண்டு ஆடு வளர்த்தவர். ஒருநாளும் கடையிலை தீன் வேண்டினதை நான் காணேல்லை. வேலி என்னத்துக்குக் கிடக்குது?"

யாழ்ப்பாணத்து வேலியை எல்லைக்கோடு என்று மட்டும் நினைத்து வளர்ந்தவள் நான். மாமிக்கு அது தீவனத் தோட்டம். எங்கள் உரும்பிராய் வளவைச் சுற்றி மூன்று பக்கம் இன்னமும் கதியால் வேலி. சீமைக்கிளுவை, பூவரசு, முள்முருக்கு, இடையிடையே அகத்தி. பின்வளவில் முருங்கை. வெட்ட வெட்டத் தழைக்கும் மரங்களைத்தான் முன்னோர் வேலிக்குத் தேர்ந்திருக்கிறார்கள். குழை ஆட்டுக்கு, மிஞ்சியது தோட்டத்துக்குப் பசளை, தடி அடுப்புக்கு. வெளிநாட்டுக் காசு வந்த வீடுகளில் முதலில் எழும்புவது மதில். எங்கள் ஒழுங்கையில் இப்போது பாதிக்கு மேல் மதில்தான். ஒரு மதில் எழும்பும்போது எத்தனை கட்டுக் குழை இல்லாமல் போகிறது என்று முயல் வளர்க்கத் தொடங்கிய பிறகுதான் கணக்குப் பார்த்தேன்.

ஆனால் ஆடு தின்பதையெல்லாம் முயலுக்குப் போட முடியாது. மாமியின் அறிவை முயலுக்கு மாற்ற எனக்கு ஒரு வருடம் எடுத்தது. சீமைக்கிளுவையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தாவரவியல் பெயரான கிளிரிசிடியா என்பதற்கே எலிகொல்லி என்றுதான் பொருள். அது பிறந்த மத்திய அமெரிக்காவில் விதையையும் பட்டையையும் எலிக்கு நஞ்சாக வைப்பார்கள். பச்சைக் குழையின் மணத்துக்கே என் முயல்கள் முகத்தைத் திருப்பின. ஒரு நாள் நிழலில் வாடவைத்துப் போட்டபோது தின்றன. இப்போதும் ஒரு நாள் தீனில் கால்வாசிக்கு மேல் அதைக் கொடுப்பதில்லை. இப்பிலிப்பில் மரத்துக் குழையும் அப்படித்தான். புரதம் நிறைய, ஆனால் மிமோசின் என்ற நச்சுப்பொருள் உண்டு, தொடர்ந்து தின்றால் மயிர் கொட்டும். கிழமையில் ஒரு தரம், ஒரு பிடி.

முருங்கையும் அகத்தியும்தான் என் கைக்கு வந்த உண்மையான சத்துத் தீன். உலர்ந்த இலையில் கால்பங்கு அளவு புரதம். பால் கொடுக்கும் தாய்க்கும் பிரித்த குட்டிக்கும் மாலையில் ஒவ்வொரு கொத்து கட்டித் தொங்கவிடுவேன். அகத்தியை மட்டும் அளந்துதான் ஒடிக்க முடியும். விரதம் முடிந்து பாரணைக்கு அகத்திக்கீரை தேடி அயலில் இருந்து ஆட்கள் வருவார்கள், இல்லை என்று சொல்ல மனம் வராது. வற்றாளைக் கொடி முயலுக்கு மிகவும் பிடித்தமானது. கிழங்கு கிண்டும் நாளில் கொடியை வீசிவிடாமல் எங்களுக்கு எடுத்து வைக்கச் சொல்லி நாலு பேரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இவை எல்லாவற்றுக்கும் கீழே கிடப்பது புல். நாள் தீனில் பெரும்பங்கு புல்லாகவே இருக்க வேண்டும், மற்றவை அதன் மேல் கறி மாதிரி. 2.5 கிலோ முயல் ஒரு நாளில் 100 முதல் 125 கிராம் உலர்ந்த தீன் எடுக்கும். பச்சைப் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர், ஆகவே அரைக் கிலோவுக்கு மேல் புல் வேண்டும். பால் கொடுக்கும் தாய்க்கு அதைப் போல இரண்டு மடங்கு. மூன்று பெரிய முயலும் பன்னிரண்டு குட்டிகளும் நிற்கும் காலத்தில் நாளுக்கு 6, 7 கிலோ அறுக்கிறோம். வாய்க்கால் ஓரத்து அறுகு முதல் தரம். கிணற்றடிக் கழிவுநீர் ஓடும் துண்டில் கோயம்புத்தூரில் இருந்து வந்த சி.ஓ. 3 என்ற தீவனப் புல்லுக்குத் தடி நட்டோம். கணு பிடித்தால் போதும், மழை இல்லாவிட்டாலும் முழங்கால் உயரத்துக்கு வந்துவிடும். முற்ற விடக் கூடாது. தண்டு தடித்தால் முயல் இலையை மட்டும் கோதிவிட்டுத் தண்டைத் தள்ளிவிடும்.

புல்லை அறுத்தபடி கொண்டுவந்து கொட்டுவதில்லை. முற்றத்தில் விரித்து ஒரு தரம் கையால் கோதிப் பார்க்க வேண்டும், பாத்தீனியத்துக்காக. இந்திய இராணுவம் இறைச்சிக்குக் கொண்டுவந்த ஆடுகளோடு 1987 இற்குப் பிறகு இங்கே பரவியது என்று பெரியவர்கள் சொல்வார்கள். இன்றைக்கு வெறுங்காணி எங்கும் அதன் வெள்ளைப் பூதான். நச்சுச் செடி, தொட்ட கையும் கடிக்கும். வெங்காயத் தாள், தக்காளி இலை, உருளைக்கிழங்கு இலை, அலரி, எருக்கலை, ஆமணக்கு எதுவும் முயலுக்கு ஆகாது. பச்சை மரவள்ளி இலையும் வேண்டாம். தெருவோரப் புல்லையும் விட்டுவிட்டேன். நாய் கழித்த புல்லைத் தின்ற முயலை அறுத்தால் ஈரல் ஓரத்திலும் குடற்கொழுப்பிலும் நீர் நிரம்பிய பட்டாணி போன்ற கொப்புளங்கள் இருக்கலாம். நாயின் நாடாப்புழுவுடைய குஞ்சுப் பருவம் அது. மனிதருக்கு அதனால் தொற்று இல்லை, ஆனால் அந்தக் கழிவை நாய்க்குப் போட்டால் வட்டம் மறுபடி தொடங்கும்.

நானே பிழை விட இருந்த இடம் இனித்தான் வருகிறது. மூட்டையை விட்டுவிட்டோம், பச்சையாகக் கொடுக்கிறோம், ஆகவே இயற்கைத் தீன் என்று நிம்மதியாக இருந்தேன். பின்வளவுக்குக் கிழக்கே அயலவரின் தோட்டம். வெங்காயம், பீட்ரூட், கோவா மாறி மாறி நடுவார். ஒருநாள் பீட்ரூட் கலைத்த இலை குவியலாகக் கிடந்தது, நல்ல கரும்பச்சை. அள்ளி உரப்பையில் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்துப் பாத்தியில் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"உதை ஆருக்குக் கொண்டுபோறீங்கள்? முயலுக்கே? ஐயோ வேண்டாம், முந்தநாள்தான் மருந்தடிச்சது."

மருந்து. மூட்டைக்குள் இருந்ததும் மருந்துதான், இலையில் கிடப்பதும் மருந்துதான். நோய்க்குக் குடிப்பதற்கும் பூச்சிக்கு அடிப்பதற்கும் எங்களிடம் ஒரே சொல். மூட்டைக்காரரிடம் தொலைபேசியில் அத்தனை கேள்வி கேட்ட நான், வேலிக்கு அப்பால் கிடந்த இலையைப் பற்றி ஒருவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. அன்று அந்த அக்கா தலையை நிமிர்த்தியிருக்காவிட்டால் கூட்டில் நின்ற அத்தனையும் போயிருக்கும்.

அதன் பிறகு சந்தைக் கழிவை நிறுத்தினேன். மருதனார்மடத்தில் கோவாவின் வெளியிலை மலை போலக் குவியும், காசும் இல்லை. ஆனால் மருந்து கூடுதலாகப் படுவது அந்த வெளியிலையில்தான். செம்மண் தோட்டங்களின் கதை எங்களுக்குத் தெரியாததல்ல. போடும் உரமும் மலக்குழிக் கழிவும் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்பு வழியே இறங்கி, வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று அளவுக்கு மேல் இருப்பதைப் பல ஆய்வுகள் சொல்லிவிட்டன. பிள்ளைக்குக் குடிக்கக் கொடுக்கும் தண்ணீரைத்தான் நான் முயலுக்கும் வைக்கிறேன்.

கிழக்கு வேலியையும் விட வேண்டி வருமோ என்று பயந்தேன். தெளிக்கும்போது காற்று எங்கள் பக்கம் அடித்தால் குழை முழுக்க மருந்து. தோட்டக்கார அண்ணையிடமே போய்க் கேட்டேன்.

"அண்ணை, நீங்கள் மருந்தடிக்கிற நாளை எனக்கு ஒருக்கால் சொல்லுவீங்களே?"

"சொல்ல மறந்துபோடுவன் தங்கச்சி. கதியாலிலை ஒரு துணி கட்டிவிடுறன். துணி நிண்டால் அந்தப் பக்கம் கை வையாதேங்கோ."

அவர் சொன்னதைச் செய்தார். அடித்த நாளில் ஒரு சிவப்புத் துணி ஏறும், இரண்டு கிழமை கழித்து அவரே அவிழ்ப்பார். அவிழ்த்த பிறகும் ஒரு மழையோ ஒரு கிணற்றுத் தண்ணீர்க் குளிப்போ கண்ட குழையைத்தான் எடுக்கிறேன்.

மருந்தை விலக்கினால் அதன் வேலையை வேறு ஒன்று செய்தாக வேண்டும். கொக்சிடியாவின் முட்டை புழுக்கையோடு வெளியே வந்து, ஈரமும் சூடும் இருந்தால் ஓரிரு நாளிலேயே தொற்றும் நிலைக்கு வந்துவிடும். ஆகவே புழுக்கையும் தீனும் ஒன்றையொன்று காணக் கூடாது. கம்பிவலைத் தரை, தீன் நிலத்தில் படாமல் கட்டித் தொங்கும் குழை, காலை மாலை கூட்டுதல். மாரியில் நனைந்த புல்லை நீர் வடியும்வரை கொடியில் போடுவேன். ஒவ்வொரு முயலை அறுக்கும்போதும் முதலில் ஈரலைப் பார்ப்பேன். வெள்ளைப் புள்ளி இருந்தால் ஈரல் கொக்சிடியா என்று பொருள், அந்தக் கூட்டைக் கொதிநீர் ஊற்றிக் கழுவி வெயிலில் நான்கு நாள் காய விடுவோம்.

சோளகம் வீசும் மாதங்கள்தான் சோதனை. வைகாசி தொடங்கி ஆவணி வரை வெளிப்புல் கருகிவிடும், 30 பாகை தாண்டிய சூட்டில் முயலும் தீனைக் குறைக்கும். அதற்காகப் பங்குனி சித்திரையிலேயே சேர்க்க வேண்டும். கச்சான் கொடி, பயற்றங்கொடி, உழுத்தங்கொடி மூன்றையும் காயவைத்துப் பரணில் அடுக்குவேன். கொடுக்கும் ஆட்களிடம் மருந்து அடித்ததா, எப்போது என்று கேட்காமல் எடுப்பதில்லை. ஒருமுறை நன்றாய்க் காயாத கொடியை அடுக்கி, நடுவில் பூஞ்சணம் பிடித்து, அரைவாசியை எரித்தோம். வடலி ஓலையையும் நாராகக் கிழித்துப் போடுகிறேன். சத்து அதிகமில்லை, ஆனால் முயலின் முன்பல் வருடத்துக்கு 10 சென்ரிமீற்றர் அளவில் வளர்ந்துகொண்டே இருக்கும், கடித்துத் தேய்க்க ஏதாவது வேண்டும்.

தானியமே இல்லையா என்று கேட்பார்கள். பால் கொடுக்கும் தாய்க்கு மட்டும் நெல் தவிட்டில் ஒரு பிடி தேங்காய்ப் புண்ணாக்குப் பிசைந்து கொடுக்கிறேன். புண்ணாக்கை ஒரு கிலோவுக்கு மேல் வாங்கி வைப்பதில்லை. எங்கள் சூட்டில் அதில் பூஞ்சணம் வெகு சீக்கிரம் பிடிக்கும், அந்தப் பூஞ்சணம் விடும் நஞ்சு ஈரலை அழிக்கும். எந்தப் புதுத் தீனையும் ஒரு கிழமை, பத்து நாள் கொஞ்சம் கொஞ்சமாகவே கூட்டுகிறேன். அந்த ஏழு குட்டிகள் கற்றுத் தந்தது.

இப்படி வளர்த்தால் நேரம் எடுக்கும். நல்ல வில்லைத்தீனில் பன்னிரண்டு கிழமையில் 2 கிலோவுக்கு வரும் முயல், எங்களிடம் ஐந்து மாதம் நிற்கிறது. விற்பனைக்கு வளர்ப்பவருக்கு இது கட்டாது, அதை மறைக்க மாட்டேன். எங்கள் வீட்டுக்குக் கட்டுகிறது. வெள்ளிக்கிழமை மரக்கறி, நல்லூர்த் திருவிழா 25 நாளும் மச்சம் இல்லை, கந்தசஷ்டியும் அப்படி. ஆகவே திருவிழாக் கிழமைகளில் வளர்ந்த முயல் கூட்டில் தேங்காதபடி, மாசியிலேயே ஆணோடு சேர்ப்பதா விடுவதா என்று நாட்காட்டியைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறேன். வறண்ட மாதங்களில் கூட்டில் வாய் குறைவாக இருக்க அதுவும் உதவுகிறது.

இறைச்சியில் வித்தியாசம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. கொழுப்பு மிகக் குறைவு, நார் கொஞ்சம் இறுக்கம், கூடுதலாக ஒரு கால்மணி நேரம் அவிய வேண்டும். மாமி மிளகும் சீரகமும் தூக்கலாகப் போட்டு, முருங்கையிலை ஒரு நெட்டு உருவிப் போட்டு இறக்குவார். மகன் எலும்பை விடமாட்டான்.

இந்தக் கிழமை கிழக்கு வேலியில் துணி கட்டியிருக்கிறது. இன்றைக்கு எட்டாம் நாள். மகன் கொக்கத்தடியைத் தூக்கிக்கொண்டு மேற்கு வேலிப் பக்கம் போயிருக்கிறான். மூத்த முயல் நாளை மறுநாள் ஈனும், இன்று காலைதான் தன் மயிரைப் பிடுங்கிப் பெட்டிக்குள் பரப்பத் தொடங்கியது.